மாப்பிள்ளை எது, பெண் எது?

சென்ற ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு நமது தெருவில் ஒருவரும் சரியாக உறங்கவில்லை. மழை பத்து மணிக்கெல்லாம் ஓய்ந்துவிட்டது. அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள குட்டையில் கச்சேரி ஆரம்பமாயிற்று. ஒருவர் பாட மற்றவர் கேட்பது என்ற சம்பிரதாயமெல்லாம் அங்கே கிடையாது. எல்லோரும் ஏககாலத்தில் பாடினார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் சன்னலைச் சாத்தினார். சாத்தியும் பயனில்லை என்று மறுபடியும் திறந்தார். நமது இல்லத்தரசியோ, "தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னார்களே, ஊரார் தூக்கத்தையும் கெடுக்கும் என்று ஏன் சேர்த்துச் சொல்லவில்லை?" என்று நம்மிடம் நியாயம் கேட்டாள்.

மறுநாள் காலையில் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்ததும், முன் வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஸார், ராத்திரி முழுவதும் கத்தியது ஆண் தவளையா, பெண் தவளையா?"

நாம் வாய் திறப்பதற்குள் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன், "பெண் தவளைதான் ஸார்! எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கேள்வி கேட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விடை வேண்டியிருந்தது.

விடை நமக்குத் தெரியும். ஆனால் அதை நாம் அறிந்திருந்த விதத்தை எண்ணினால் வெட்கமாயிருக்கிறது. நாம் பட்டம் பெற்றது விலங்கியலில். கல்லூரியில் எத்தனையோ தவளைகளை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் ஊசி குத்தி, வயிற்றைக் கீறிப் பார்த்திருக்கிறோம். இருதயத்துக்கு எத்தனை அறைகள், முட்டைக் குழாய் எங்கே வளைகிறது என்பதெல்லாம் மனப்பாடம். கல்லூரிகளில் அவ்வாறு அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. நாமோ உயிருள்ள ஒரு தவளை தன் துணையைத் தேடும் காட்சியை அதுவரையில் ஒரு முறையேனும் நின்று பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பெண்ணிடம், "நாளை விடியற்காலையில் குட்டைக்குப் போவோம், நீயே பார்த்துச் சொல்" என்றோம். பெற்றோர் அனுமதியுடன் பதினோரு குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். கடைசி பெஞ்சிக்காரனும் வந்திருந்தான்.

குட்டைக் கரையில் கண்ட காட்சியை நேயர்களுக்கு எப்படி வர்ணிப்பது? பழுப்பும் பச்சையுமாகச் சேற்றோடு சேறாய்க் கிடக்கும் தவளைகளையே நாம் அறிவோம். அன்றோ, பழுத்த எலுமிச்சம்பழ நிறத்தில் பளபளவென்று பத்துப் பன்னிரண்டு தவளைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தொண்டையின் இரு புறத்திலும் இரண்டு நீல நிறப் பைகள் புடைப்பதும் அடங்குவதுமாக இருந்தன. இந்தியாவிலுள்ள தவளைகளில் மிகப் பெரியது இந்த இனம். 15 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். உடம்பிலுள்ள கோடுகளையும் புள்ளிகளையும் கண்டு, புலியின் பெயரையே விஞ்ஞானிகள் இதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

மஞ்சள் உடுத்தி நீலப் பை ஊதியவை அனைத்தும் ஆண்கள். பெண்கள் எங்கே என்று தேடினோம். கரையோரத்துப் புல்லடியில், வழக்கமான பழுப்புநிறத் தோலோடு, அலங்காரம் எதுவுமின்றி, ஒரு சத்தமுமின்றி, இரண்டு பெரிய தவளைகள் உட்கார்ந்திருந்தன. "அவை இரண்டும் சும்மாவே இருக்கின்றனவே!" என்றான் பையன். "கேட்டுக்கொண்டிருக்கின்றன" என்றாள் அந்தப் பெண். விலங்கியல் புத்தகம் ஓர் அத்தியாயத்தில் சொல்வதை அவள் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

மழை வேண்டித் தவளைகளுக்கு விவாகம் செய்விக்கும் வழக்கம் நம் தேசத்தின் பல பகுதிகளில் உண்டு. அஸ்ஸாமில் அதைப் 'பேகுலி பியா' என்பார்கள். நமது தெருவிலுள்ள ஒரு பாட்டி தம் சிறுவயதில் கண்ட அப்படிப்பட்ட கல்யாணம் ஒன்றைப் பற்றி அடிக்கடிச் சொல்வார். "பெரியதாக இருந்ததை மாப்பிள்ளை என்றும், சின்னதைப் பெண் என்றும் வைத்துத் தாலி கட்டினோம்" என்பது அவர் வாக்கு. பாட்டி மன்னிக்க வேண்டும். பெரும்பாலும் அது தலைகீழ் விவாகமாகவே இருந்திருக்கும். தவளை இனங்கள் பெரும்பாலானவற்றில் பெண்ணே பெரியது. ஆயிரக்கணக்கான முட்டைகளை வயிற்றில் சுமக்கும் உடம்பு பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கடியில் வாழ்ந்து, மழை தொடங்கும் சில நாட்கள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளை ஒன்று உண்டு. 2003-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞான உலகம் அதற்குப் பெயரிட்டது. அதன் ஆண், பெண்ணின் முதுகில் ஒட்டிக்கொண்ட குழந்தை போலவே தோன்றும்.

அடுத்த முறை கல்யாணம் நடத்துவோருக்கு உதவியாக, அடையாளங்களை இங்கே தொகுத்துச் சொல்லிவிடுகிறோம். பருவத்தில் ஆணின் தொண்டையில் குரற்பை இருக்கும். பை சுருங்கியிருக்கும் போதும் அங்கே தோல் கறுத்தோ, மடிந்தோ தெரியும். பெண்ணின் தொண்டை வழுவழுப்பாக இருக்கும். ஆணின் முன்கை பருத்திருக்கும். அதன் கட்டை விரலின் உட்புறத்தில் சொரசொரப்பான தோல் தடிப்பு ஒன்று தோன்றும். ஈரத்தில் வழுக்கும் மணமகளைப் பற்றிக்கொள்வதற்காக இயற்கை கொடுத்த உபகரணம் அது. பாணிக்கிரகணம் என்று நாம் சொல்கிறோம். தவளை கையைப் பிடிப்பதில்லை, பின்னாலிருந்து அக்குளையே கட்டிக்கொள்கிறது. மற்றபடி அதன் உறுதி நம்முடையதற்குக் குறைந்ததன்று. மணிக்கணக்காக அந்தப் பிடி தளராது. அமெரிக்காவின் பெருந்தவளைக்கு வேறோர் அடையாளமும் உண்டு: பெண்ணின் செவிப்பறை ஏறக்குறையக் கண்ணளவே இருக்கும், ஆணுக்கோ கண்ணைவிட மிகப் பெரிதாக இருக்கும்.

இனி அந்தக் கச்சேரியின் சூட்சுமத்தைப் பார்ப்போம். தவளை வாயைத் திறந்து கத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். அது வாயையும் மூக்கையும் இறுக மூடிக்கொண்டே பாடுகிறது. நுரையீரலிலிருந்து காற்றைக் குரல்வளை வழியாகக் குரற்பைக்குத் தள்ளி, மறுபடியும் நுரையீரலுக்கே திருப்பிக்கொள்கிறது. ஒரே காற்றை முன்னும் பின்னும் ஓட்டி இரவு முழுவதும் பாடும் சிக்கனம் எந்தப் பாடகருக்கும் வாய்க்காது. ஆனால் உடல் வலிமையில் அந்தச் சிக்கனம் செல்லாது. சும்மாயிருக்கும் நேரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலான பிராணவாயுவை, பாடும் நேரத்தில் சில இனத் தவளைகள் செலவழிக்கின்றன.

உயிருக்கு வரும் ஆபத்தோ இதைவிடப் பெரிது. மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டில் சிறு தவளை ஒன்று உண்டு. அதன் பாட்டில் முதலில் ஒரு நீண்ட இழைப்பு. அதன் முடிவில், விருப்பமிருந்தால், 'சக்' என்றொரு முத்தாய்ப்பு. முத்தாய்ப்பு வைத்துப் பாடும் ஆணையே பெண் அதிகமாக நாடுகிறது. ஆனால் அதே முத்தாய்ப்பைக் கேட்டு, தவளை தின்னும் வௌவாலும் வந்து சேர்கிறது. தவளைகளின் பாட்டைக் கேட்டு வௌவால் வருவதை மெர்லின் டட்டில், மைக்கேல் ரையன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1981-ல் வெளியிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழியைப் பனாமா நாட்டு வௌவாலே ருஜுப்படுத்திவிட்டது. ஆயினும் அந்தப் பழமொழி பாதி உண்மைதான். வாயைத் திறவாமலிருக்கும் ஆண் தவளை வௌவாலுக்குத் தப்பலாம். வம்சத்துக்குத் தப்ப முடியாது. அதன் பெயர் சொல்லக் குளத்தில் ஒரு தலைப்பிரட்டைகூட மிஞ்சாது.

தந்திரசாலிகள் சிலர் தவளைக் குலத்திலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். சில இனங்களில், நன்றாகப் பாடும் ஆணுக்கு அருகே ஒரு மௌனசாமி பதுங்கியிருக்கும். பாட்டைக் கேட்டு வரும் பெண்ணை அது பாதி வழியில் மறித்துக்கொள்ளப் பார்க்கும். இதைச் சொன்னபோது பையன் கைதட்டினான். அந்தப் பெண் அவனை முறைத்தாள்.

பாடுவது ஆண், தேர்ந்தெடுப்பது பெண். இருளில் பத்து இனத் தவளைகள் சேர்ந்து கூச்சலிட்டாலும் தன் இனத்தின் குரலை அவளுடைய செவி பிரித்தறிந்துவிடும். அதிலும் எந்தக் குரல் திடமானது, எது நீண்டு நிலைப்பது என்று எடை போடுவாள். இந்தத் தேர்வு வெறும் ருசியைப் பொறுத்ததா, அல்லது அதற்குப் பலன் உண்டா? அமெரிக்காவின் சாம்பல் நிற மரத்தவளையைக் கொண்டு 1998-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே தாயின் முட்டைகளைப் பங்கிட்டு, ஒரு பங்கை நீளமாகப் பாடும் ஆணுக்கும், மற்றொரு பங்கைச் சுருக்கமாகப் பாடும் ஆணுக்கும் கருவாக்கினார்கள். நீளமாகப் பாடியவனுடைய குழந்தைகளே மொத்தத்தில் நன்றாக வளர்ந்தன. புல்லடியில் சும்மா உட்கார்ந்திருப்பதாக நாம் நினைத்தவள் அடுத்த தலைமுறையின் ஆரோக்கியத்தையே பரீட்சை செய்துகொண்டிருக்கிறாள் என்று ஆகிறது.

அப்படியானால் மஞ்சள் உடை எதற்கு என்று குழந்தைகள் கேட்டார்கள். நம் முற்றத்திலே திரியும் சாதாரணத் தேரையிலும் ஆண்கள் மழைக் காலக் கூட்டத்தில் சில மணி நேரம் மஞ்சளாகிவிடும். ஆராய்ச்சியாளர்கள் மஞ்சளிலும் பழுப்பிலுமாகப் பொம்மைத் தேரைகளைச் செய்து அவற்றினிடையே வைத்துப் பார்த்தார்கள். ஆண் தேரைகள் பழுப்பு நிறப் பொம்மையையே பெரிதும் நாடின; மஞ்சளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. "நானும் ஆண்தான் ஐயா, என்னை விட்டுவிடும்" என்று அறிவிக்கும் பலகை போலும் அந்த நிறம். நெரிசலில் கண்டதையெல்லாம் கட்டிக்கொள்ளும் அவசரக்காரர் கூட்டத்தில் அப்படியோர் அடையாளம் அவசியம்தான். தவறிப் பிடிபட்ட ஆண் தவளை, 'விடு' என்பதற்கென்றே தனியாக ஒரு குரல் கொடுப்பதும் உண்டு.

பெண்ணுக்கு மறுக்க வழியில்லையா? நெடுங்காலம் விஞ்ஞானிகள் இல்லை என்றே எண்ணியிருந்தார்கள். ஐரோப்பாவின் சாதாரணத் தவளையை ஆராய்ந்த பெர்லின் நகரத்தார் 2023-ல் வேறு விதமாகச் சொன்னார்கள். வேண்டாத ஆண் பற்றினால் பெண் உருண்டு புரளுகிறது. ஆணைப் போலவே உறுமி 'விடு' என்கிறது. சில சமயம் கைகால்களை விறைத்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்கிறது. அவ்விதம் சில பெண்கள் தப்பியும் போகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பம்பாய் இரவுத் தவளையில் பெண்ணும் குரல் கொடுக்கும் என்பதை 2016-ல் நம்மவர்களும் பெல்ஜியம் நாட்டாரும் சேர்ந்து கண்டு வெளியிட்டார்கள். அந்த இனத்தில் ஆண், பெண்ணைக் கட்டிப் பிடிப்பதே இல்லை. கைகளை இலையின் மேலோ கிளையின் மேலோ ஊன்றிக்கொள்கிறது. மௌனம் என்பது பெண்ணின் இயல்பு என்று தவளையைக் காட்டி இனி யாரும் உபதேசம் செய்ய முடியாது.

பிடித்த பிடியில் பெண் முட்டைகளைத் தண்ணீரில் விட, அதே நேரத்தில் ஆண் அவற்றைக் கருவாக்குகிறது. கருவாவது உடலுக்கு வெளியேதான். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த உண்மையை நிலைநாட்ட, 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பல்லன்ஸானி என்ற இத்தாலியப் பாதிரியார் ஆண் தவளைகளுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டார். சட்டை அணிந்த ஆண்கள் வழக்கம்போலவே பெண்களைக் கட்டிக்கொண்டன, முட்டைகளும் வெளிவந்தன, ஒன்றும் பொரிக்கவில்லை. சட்டையில் தங்கிய துளிகளை எடுத்து வேறு முட்டைகளின் மேல் தடவினார், அவை பொரித்தன. தலைமுறை எவ்வாறு உண்டாகிறது என்ற பெரும் புதிருக்கு அந்தச் சின்னஞ்சிறு கால்சட்டைகள் ஒரு பகுதி விடையளித்தன. குழந்தைகள் இந்தக் கதையை அதற்குப் பிறகு நான்கு முறை சொல்லச் சொன்னார்கள்.

இவ்வளவு ஏற்பாட்டோடும் நடக்கும் கல்யாணத்துக்குத் தேவையான சீர்வரிசை என்ன? கொஞ்சம் தண்ணீர், குரல் போய்ச் சேரக் கொஞ்சம் அமைதி. இவ்விரண்டையுமே நாம் பறித்து வருகிறோம். ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் நகரில், வண்டிகளின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டி, ஒரு மரத்தவளை இனம் தன் சுருதியை உயர்த்திப் பாடுவதை 2009-ல் கண்டார்கள். கனத்த குரலையே விரும்பும் பெண் தவளைகள் பல இனங்களில் உண்டு. அத்தகைய பெண்ணுக்குக் கீச்சுக் குரல் எப்படி ருசிக்கும்? நம் நாட்டில் நடந்த கதை வேறு. 1980-களின் தொடக்கத்தில் ஒரே ஆண்டில் 4,000 டன்னுக்கு மேற்பட்ட தவளைக் கால்கள் இங்கிருந்து அந்நிய நாட்டாரின் சாப்பாட்டு மேஜைக்குப் போயின. மழைக்காலத்து இரவுகளில் விளக்குடன் சென்றவர்களுக்கு, துணையை அழைத்த குரலே வழி காட்டிற்று. வயல் பூச்சிகளைத் தின்று நம்மைக் காத்துவந்த பிராணி அது. 1987-ஆம் ஆண்டில் சர்க்கார் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். ஆயினும் உலகத்து நீர்நில வாழ்வனவற்றில் நூற்றுக்கு 41 அழியும் நிலையில் இருப்பதாக 2023-ஆம் ஆண்டுக் கணக்குச் சொல்கிறது.

பிறரைக் குறை சொல்லி முடிப்பது எளிது. ஆனால் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குட்டையை மண் கொட்டி மேடாக்கி, பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் அமைக்க வேண்டுமென்று இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு விண்ணப்பம் போயிற்று. அதில் மூன்றாவது கையெழுத்து நம்முடையது. சென்ற கோடையில் குட்டையில் பாதி மூடப்பட்டது. மீதியை இந்தக் கோடையில் மூடுவார்கள். நாம் குழந்தைகளோடு நின்று பார்த்தது அந்த மீதிப் பாதியைத்தான்.

திரும்பும் வழியில் அந்தப் பெண், "அடுத்த மழைக்கு இவை எங்கே ஸார் வரும்?" என்றாள். இந்தக் கேள்விக்கு விடை நம்மிடம் இல்லை.

மீதிக் குட்டையை விட்டுவிடும்படி மற்றொரு விண்ணப்பம் எழுதினோம். இம்முறை முதல் கையெழுத்தே நம்முடையது. கடைசி பெஞ்சிக்காரன் மட்டும் பேனாவை வாங்காமல் நின்றான். "எங்களுக்கு மைதானம் வேண்டாமா ஸார்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். மேடாகிவிட்ட பாதியில் கபடி ஆடலாம். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் அதற்குப் போதும். கிரிக்கெட்டுக்குப் போதாது. இதை மறைக்காமல் அவனிடம் சொன்னோம். அவன் முகம் வாடிற்று. ஒரு நாள் யோசித்துவிட்டு மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டான். "அந்த மஞ்சள் தவளை ராத்திரி முழுவதும் கத்தியிருக்கிறது ஸார், அதைக் கேட்க ஒருத்தி வர வேண்டுமே" என்றான்.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. நேயர்களிடம் ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறோம். அடுத்த மழை இரவில் உங்கள் தெருவிலும் அந்தக் கூச்சல் எழுந்தால் சன்னலைச் சாத்தாதீர்கள். அந்த இருட்டில் எங்கோ ஒரு புல்லடியில், ஓசையின்றி ஒருத்தி அதை உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுடன் சேர்ந்து நாமும் சற்று நேரம் கேட்கலாம்.